சைலன்சருக்குள் நான் அடைத்த நார்

என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுது வளர்ந்த தம்பி தங்கராசுக்கு,

உன் அக்கா வேலுத்தாய் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பேத்தி கண்மணி, "குடுங்க அம்மாச்சி, நான் பிழை பாத்துத் தாரேன்" என்று கையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் அவள்தான் முதல் ஆள். தமிழ் வாத்தியாரையே மடக்குகிற பிள்ளை, திருத்தினால் நன்றாகத்தான் திருத்துவாள். ஆனாலும் கொடுக்கவில்லை. இது அவள் பிறந்த கதை. எல்லாரும் கேட்கும்போதுதான் அவளும் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் உனக்கு வருசத் திதி. உன் மகன் நினைவு மலர் அச்சடிக்கிறான். அதில் எனக்கு ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அத்தை நாலு வரி ஒப்பாரி எழுதித் தருவாள் என்று அவன் நினைத்திருப்பான். நாளைக் காலையில் அச்சாபீஸுக்குப் போக வேண்டுமாம். காலையிலிருந்து இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டான்.

எழுதிவிடுகிறேன் தம்பி. மேகமலை ரோட்டில் அன்றைக்கு உன் வண்டி நின்றது உன் கைவேலையால் இல்லை. நான் செய்த காரியத்தால். பதினைந்து வருசமாக ஊரும் உறவும் உன்மேல் போட்ட பழி என்னுடையது.

அந்த மோட்டார் சைக்கிளை நீ பட்டாள ஏலத்தில் கழித்துவிட்ட பழைய இரும்பாகத்தான் தேனியிலிருந்து உருட்டி வந்தாய். லேத் பட்டறைக்காரனுக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்குமா? முதுகு வலிக்கிறது என்று ஹேண்டில்பாரைக் காய்ச்சி மேலே வளைத்தாய். பின்னால் இருந்த கம்பிக் கேரியரைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைந்த லாரி சீட்டிலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் பூட்டினாய். அதன்மேல் போடி இலவம்பஞ்சு, அதற்கும் மேல் ரெக்சின். பொம்பளைகள் பக்கவாட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலையும் வைக்க ஒரு பலகை. முதுகு சாய வளைத்த கம்பி.

மெத்தை சரியாக இருக்கிறதா என்று நீ சோதித்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் பெண்டாட்டி ராசாத்தியைப் பின்னால் உட்காரவைத்து, அவள் மடியில் நிறைகுடத் தண்ணீரைக் கொடுத்து, சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி வரைக்கும் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டுவாய். திரும்பி வந்ததும் குடத்துக்குள் விரலை விட்டு அளப்பாய். நாலு விரல் குறைந்திருந்தால் மறுபடியும் ரெக்சினைப் பிரித்துப் பஞ்சு வைப்பாய்.

"ஏலே தங்கராசு, பொண்டாட்டியக் கரகம் ஆட விட்டுட்டியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"சிரிங்கண்ணே, சிரிங்க. எங்க பாக்கியம் மலையில இருந்து பிரசவத்துக்கு இறங்கி வரணும்ல? அவளுக்குத்தான் இந்தச் சீட்டு" என்றாய்.

ராசாத்தி சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு என் வாசலில் வந்து நின்றாள். "மதினி, உங்க தம்பி மெத்தை தைக்கிறதுக்கு நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவ குளிக்கிறது?"

என் மகள் பாக்கியத்துக்கு நீ தாய்மாமன். அவளோடு கூடப்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது. மாப்பிள்ளைக்கு மேகமலை எஸ்டேட் பேக்டரியில் வேலை. தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிற பொறுப்பு உன்னுடையது. அதை நீ ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டில் செய்துகொண்டிருந்தாய்.

சத்தத்தில்தான் உனக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சைலன்சரை நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருந்த தகடுகளை எடுத்துவிட்டு, ஓட்டை ஓட்டையாகத் துளை போட்ட குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாய். முனையை மீன்வால் மாதிரி சப்பையாகத் தட்டினாய். "உறுமி அடிக்கிற மாதிரி கேக்கணும்க்கா. அடிவயித்துல இறங்கணும், காதுல குத்தக் கூடாது" என்றாய். எனக்கு நெல்லு மிஷின் தெருவுக்குள் நடந்து வந்த மாதிரிதான் இருந்தது.

வளைகாப்புக்கு நாங்கள் எஸ்டேட் லாரியில் முந்தின நாளே மேலே போய்விட்டோம். நீயும் அன்றைக்கே மத்தியானம் வண்டியில் வந்து சேர்ந்தாய். உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன் சத்தம் வந்துவிட்டது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மா, பந்தி நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

"ஏன் மதினி, உங்க வீட்டுல இருந்து சீரு வருதா, மிஷினு வருதா? வயித்துப் புள்ளைக்குக் காது அடச்சுப் போயிராம! அதக் கொண்டுபோய் அங்கன தொழிலாளி லயத்துப் பக்கம் நிப்பாட்டச் சொல்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் பிறந்த வீட்டைப் பார்த்து ஒருத்தி சிரிப்பதா? என் குணம்தான் உனக்குத் தெரியுமே. அடித்தால்கூடத் தாங்குவேன், சிரித்தால் தாங்க மாட்டேன்.

நீ சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தாய். வண்டி பேக்டரிச் சுவர் ஓரமாக நின்றது. நெல் அவிக்கிற அண்டா சீறினால் ஈரச் சாக்கை அதன் வாயில் போட்டு மூடுவோம் இல்லையா? சத்தமும் அடங்கும், சாக்கும் கருகாது. அதே புத்திதான். தேங்காய் நாரைப் பிய்த்து, தண்ணீரில் நனைத்து, அந்த மீன்வால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினேன். மூன்று தேங்காயின் நார். உள்ளே போவது போகும், சப்பை வாய் வழியாக வெளியே வராது என்று எனக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து கையைக் கழுவியபோது, சம்பந்திக்குப் பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் தகவல் வந்தது. பாதி மலையில் சின்னப் பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது, லாரியும் இறங்காது, ஜீப்பும் இறங்காது. பரவாயில்லை, இரண்டு நாள் தங்கிக்கொள்வோம் என்றார்கள். வளையல் போட்டு முடிக்கவில்லை, பாக்கியம் மனையிலிருந்து எழுந்து என் தோளைப் பிடித்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. எட்டாம் மாதம் கூட நிறையவில்லை.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இது இங்கன வச்சுப் பாக்குற கேஸ் இல்ல. பிள்ளை குறுக்க கிடக்கு. கீழ கொண்டு போயிருங்க, எப்படியாவது" என்றார். எல்லாரும் உன் வண்டியைப் பார்த்தார்கள். முந்தின நாள் சிரித்த சம்பந்தி அம்மாவும்தான்.

"பலகை போட்டா வண்டியப் பாலத்துல தூக்கிக் கடத்திறலாம். மாப்பிள்ளை, நீங்களும் அக்காவும் குறுக்குப் பாதையில இறங்கிப் பாலத்துக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, நீ பாக்கியத்தைப் பின்சீட்டில் உட்காரவைத்து வண்டியை உதைத்தாய். வண்டி கிளம்பியது. மெதுவான சத்தம். நீ ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டாய். "என்னக்கா இது, மலைக் குளிருக்குக் குரல் கட்டிப்போச்சு!" என்றாய். யோசிக்க உனக்கு நேரம் இல்லை. நானோ, கடவுளே, உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

தேயிலைக்குள் குறுக்கே விழுந்தடித்து இறங்கினோம். பாலத்துக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கும்போதே, ரோடு கொஞ்சம் மேலேறுகிற இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பாக்கியம் புல்லில் ஒருக்களித்துப் படுத்து முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நீ உதைத்துக்கொண்டிருந்தாய். உதைக்கிறாய், இருமுகிறது, அணைகிறது. மறுபடி உதைக்கிறாய்.

"என்ன மாமா ஆச்சு?"

"தெரியல மாப்பிள்ளை. பெட்ரோல் இருக்கு. பிளக்கு நல்லாப் பொறி அடிக்குது."

"ஒழுங்கா இருந்த வண்டியக் கழட்டிக் கழட்டி மாட்டுனீகளே, இது வண்டியா இல்ல மேளமா? எம் பொண்டாட்டி செத்துப் போவா மாமா!"

நீ குனிந்து, சைலன்சர் முனையில் கையை வைத்துக்கொண்டு உதைத்தாய். "மூச்சு வரல... எதுவோ அடச்சிருக்கு" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய்.

சொல்லியிருக்க வேண்டும் தம்பி. 'நான்தான்டா நாரை அடைத்தேன், கழற்று' என்று ஒரு வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாயைக்கூடத் திறந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார். நாளைக்கு இது சம்பந்தி காதுக்குப் போகும் என்று நினைத்தேன். என் மகள் புல்லில் கிடக்கும்போது அதைத்தான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அடைப்பு எங்கே என்று நீயாகக் கண்டுபிடிப்பதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. பாக்கியம் வலி தாங்காமல் அலறியபோதுதான் நீ ஸ்பேனரை எடுத்தாய். விடாமல் உதைத்ததில் சைலன்சர் ஆறக்கூட இல்லை. துண்டைச் சுற்றிப் பிடித்தாய், துண்டு நழுவியது, வெறுங்கையால் பிடித்து முறுக்கி இழுத்தாய். தோல் தீய்ந்த வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கழன்று வந்ததும் அதன் உள்ளே பார்த்தாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். மாப்பிள்ளை கிட்டே வருவதற்குள் அதைப் பள்ளத்தில் வீசி எறிந்துவிட்டாய்.

ஏன் வீசினாய்? மாதக்கணக்காக அறுத்து ஒட்டிச் செய்த சாமான். ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து எடுத்திருக்கலாமே. உள்ளே நாரைப் பார்த்தாயா? பார்த்துத்தான் வீசினாயா?

சைலன்சர் இல்லாத வண்டி மலையே அதிரக் கிளம்பியது. பாலத்தில் பலகை போட்டு, அங்கே நின்ற ஆள் ஒருவரையும் சேர்த்து நான்கு பேர் தூக்கிக் கடத்தினோம். அதற்குப் பிறகு உன் சத்தம் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் கீழே கீழே போய்க்கொண்டிருந்ததைக் கேட்டபடியே ஓடி வந்தேன். சத்தம் நின்றால் செத்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் கீழே வந்து சேர்வதற்கு முன்னால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். தாயும் பிழைத்தாள், கண்மணியும் பிழைத்தாள்.

கண் விழித்ததும் பாக்கியம் சொன்ன முதல் பேச்சு, "மாமா போட்ட மெத்தை இல்லாட்டி பாதி ரோட்டுலயே முடிஞ்சிருப்பேன்ம்மா" என்பதுதான். அதை யார் காதில் வாங்கினார்கள்? வண்டி நின்ற கதைதான் கம்பம் வரைக்கும் போனது. 'கிறுக்குத்தனமா வண்டியக் கழட்டி மாட்டி அக்கா மகளக் கொல்லப் பாத்தான்' என்றார்கள். நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் போட்ட கையோடு ஸ்பிரிங்கையும் பஞ்சையும் பிரித்துப் போட்டுவிட்டு, பழைய கேரியரைத் திரும்பப் பூட்டினாய். அந்த வலது கை விரல்கள் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவே இல்லை. லேத்தில் நுணுக்க வேலை உன்னை விட்டுப் போயிற்று.

கண்மணிக்குக் காது குத்தினோம். பாக்கியத்துக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடி உன் மடியாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை முடியாது என்றார். தூரத்துப் பங்காளி ஒருவன் மடியில் உட்கார்த்திக் குத்தினார்கள். நீ கோயில் வாசலில் தேங்காய்ப் பழத் தட்டோடு நின்றாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

உன் கருமாதி அன்றைக்குக்கூட மாப்பிள்ளை, "நல்ல மனுசன்தான். அந்த வண்டிக் கிறுக்கு மட்டும் இல்லாட்டி..." என்று இழுத்தார். அவர் கெட்டவர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார். ராசாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். உன் படத்துக்கு எதிரேயும் நான் ஊமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் ராசாத்தியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மன்னித்துக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை.

"பதினாலு வருசம் அந்தக் கைக்கு எண்ணெ போட்டு நீவுனது நான் மதினி. சோத்தப் பிசையத் தெரியாமப் பிள்ளை மாதிரி உக்காந்திருப்பாக. ஒரு நா, ஒரே ஒரு நா சொல்லியிருக்கலாம்ல?"

"அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா தாயி? உங்கிட்ட ஏதும் சொன்னானா?"

"எங்கிட்டக் கேக்காதீக. எங்கிட்டச் சொல்லவும் வேணாம். யாருகிட்டச் சொல்லணுமோ அங்க போயிச் சொல்லுங்க." அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து வரும்போது வழக்கம்போல வாசல் வரைக்கும் வரவில்லை.

அவள் சொன்னது சரிதான். அச்சில் வந்தால் மட்டும் போதாது. வந்தவர்கள் வாசிக்காமலே மலரை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம். அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். திதி அன்றைக்குப் படையலுக்கு முன்னால், மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் பாக்கியமும் இருக்கும்போது, நானே எழுந்து நின்று இதை வாசிப்பேன். மாப்பிள்ளை இலையை விட்டு எழுந்து போகலாம். பாக்கியம் என்னோடு பேசாமல் போகலாம். அதையெல்லாம் தாங்கிவிடுவேன். கண்மணி என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதைத்தான் தாங்குவேனா தெரியவில்லை. என் அம்மாச்சி மாதிரி உண்டா என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்கிற பிள்ளை அது.

உன் மகன் மூன்றாம் தரமாக வந்துவிட்டான். "அத்தை, முடிஞ்சிருச்சா? அச்சாபீஸ்ல கேக்குறாக" என்கிறான். ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்போகிறேன்.

யார் என்ன சொன்னாலும் நடுவில் உட்கார மாட்டேன் தம்பி. கடைசிவரைக்கும் வாசித்து, வண்டியைக் கெடுத்தது யார் என்ற வரியை இன்னொரு தரமும் வாசித்துவிட்டுத்தான் உட்காருவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பழியைத் தன் பேருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும்,
உன் கூடப்பிறந்த அக்கா,
வேலுத்தாய்