மழைக்குப் பிறகு தண்ணீர் வாடை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மா சுகம், நானும் சுகம்தான், என் விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைப் பின்னால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் நேரில் பார்க்காத பேரனும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அங்கே வந்தால் குழந்தைக்கு நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே காய்ச்சிக் கொடுக்கலாமா, இல்லை கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா என்று. லைன் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக நீர்த்தேக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளனாக இருப்பவன், கேன் தண்ணீரை வீட்டு வாசல்படி ஏறவிடாதவன், அதற்குப் பதில் தெரியாமல் முழித்தேன். எழுதினால் எனக்கே தெளியுமா என்று பார்க்கிறேன்.

இந்த வருஷத்து மழை என்னை ரொம்பவும் குழப்பிவிட்டது. கோடையில் நீர்மட்டம் இறங்கி, கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டிவிட்டது போலப் பாசி படர்ந்திருந்தது. முதலில் ஒரு சின்ன மழை. இனிமேல் பாசி ஒழிந்தது என்றார்கள், ஒழியவில்லை, இன்னும் பெருகியது. அதுவாவது எனக்குப் புரிந்தது, வயல்களில் போட்டிருந்த உரத்தையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து அந்த மழை பாசிக்கு விருந்து வைத்தது, கையோடு வெயிலும் அடித்தது. அப்புறம் பெருமழை வந்து, அணை நிரம்பி வழிந்து, பாசியை வாரிக்கொண்டு போனது, உள்ளே வந்த செந்தண்ணீரில் வெளிச்சம் இறங்காததால் மிச்சமிருந்ததும் வளரவில்லை. மைக்ரோஸ்கோப்பில் நானே உட்கார்ந்து எண்ணினேன், பாசி நன்றாகக் குறைந்திருந்தது. பிறகு வாடை பார்த்தேன், உனக்கு நினைவிருக்கும், தண்ணீரைக் குடுவையில் லேசாகச் சூடாக்கி மூடியைத் திறந்து முகர்கிற வேலை, பாசி இருந்தால் மண் வாடை அடிக்கும். அங்கே அதற்கு என் மூக்கை விட்டால் வேறு மூக்கு கிடையாது. ஒன்றும் அடிக்கவில்லை. வாடை இல்லை, வாடையை உறிஞ்சும் கரித்தூள் சேர்க்கத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஆள் போன் செய்கிறார்கள், குழாயைத் திறந்தால் சேறு நாறுகிறதாம். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து என்னோடு பேச்சை விட்டிருந்த உன் சித்தப்பா, இதற்காகவே கூப்பிட்டு, "என்னண்ணா, அணையை அப்படியே எங்க சமையல்கட்டுக்குத் திருப்பி விட்டுட்டீங்களா" என்று கேட்டான். அவன் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. பவுடர் டப்பா என்னை உள்ளே கூப்பிட்டான். என்னிடமே வேலை கற்றுக்கொண்டு, என்னையே தாண்டிப் போய் மேலாளராக உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வரும் என்று நீ வைத்த பெயர்தான், எனக்கு இப்போதெல்லாம் அவனுடைய சொந்தப் பெயரே வாயில் வருவதில்லை. வாடை பார்க்கிற அறைக்கு சென்ட் போட்டுக்கொண்டு வராதே என்று நான் எத்தனை தரம் எழுதிக் கொடுத்தும் கேட்காதவன், இந்த மழைக்காலத்தில்தான் அதை விட்டிருக்கிறான், யாருக்கும் உரிய பாராட்டை நான் கொடுக்காமல் இருப்பதில்லை, அதனால் அதையும் எழுதுகிறேன். என் முன்னால் இரண்டு குடுவைகளை வைத்து, "கோவிச்சுக்காதீங்க சார், இதுல எது குழாய்த் தண்ணி, எது வாடையே இல்லாத காய்ச்சி வடிச்ச தண்ணின்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் வடித்த தண்ணீரையே ஊற்றி என்னை மட்டம் தட்டப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கூடவே வந்த ஆய்வகத்துப் பெண்ணிடம், என்ன இருந்தாலும் மனுஷன் சென்ட்டை விட்டுவிட்டான், அது வரைக்கும் நல்லது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "என்ன சார் சொல்றீங்க, அவர் பக்கத்துல நின்னதுல எனக்குத் தலையே வலிக்குது" என்றாள்.

அதிலிருந்து எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. தண்ணீரைப் பற்றி யோசித்தால் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, பாசி குறைந்தால் வாடை குறைய வேண்டும், ஆனால் பாசி செத்து உடையும்போதுதான் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் வெளியே விடும், மழையும் தன் பங்குக்கு மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். நான் அவனோடு சண்டை போடும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாமலா இருந்தது. அம்மாவைக் கேட்டால், "அன்னிக்கே தண்ணி நாறுதுன்னு சொன்னேன், உனக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்னு வாயை அடைச்சீங்க, மழைக்கு முன்னால வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நீங்க குழம்பு தீய்ஞ்சாக்கூட கேக்கறதில்ல" என்கிறாள். தீய்ந்ததா, எப்போது என்று கேட்டேன், எழுந்து போய்விட்டாள். மழை மண்ணில் விழுந்தால் வருகிற வாசனையும் பாசி தண்ணீரில் விடுகிற வாடையும் ஒரே பொருள்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், வாசலில் வந்தால் ஆஹா என்போம், தம்ளரில் வந்தால் கீழே கொட்டுவோம். அதை வைத்தே என்னைச் சோதித்துக்கொள்ளலாம் என்றால், விடாத மழையில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது. மாடிப்படிக்கு அடியில் செடி பட்டுப்போன ஒரு தொட்டி இருந்தது, அதில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி, மண்டி போட்டு மூக்கை மண்ணில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா சார்" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏதோ வந்தது போலத்தான் இருந்தது மகளே, ஆனால் அது மூக்கில் வந்ததா ஞாபகத்தில் வந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

கரித்தூள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். விஷம் ஏதும் இல்லை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது, அது இயந்திரம் பார்த்தது, என் மூக்கு இல்லை, நீ பயப்படாதே. ஆனாலும் உன் கேள்விக்கு இனி அம்மாதான் பதில் சொல்வாள். அவள் முகர்ந்து பார்த்துச் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் கேன் வாங்கி நானே தோளில் தூக்கி வருகிறேன், தெருவே பார்த்துச் சிரித்தாலும் சரி, உன் சித்தப்பா சிரித்தாலும் சரி. டாக்டரிடம் போகச் சொல்லி அம்மா தினமும் நச்சரிக்கிறாள், நீ வந்த பிறகு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பேரனுக்கும் உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், பயணத்தில் குழந்தையின் காதைக் குளிர் படாமல் மூடிக் கொண்டு வா. ஒன்று மட்டும் மறக்காதே. பச்சைக் குழந்தையின் உச்சந்தலைக்கு ஒரு வாசனை உண்டு, உன்னுடையது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வந்ததும் அவனை முதலில் என் கையில் கொடு. பவுடர் கிவுடர் எதுவும் போடாமல் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா