அமீர் அலியின் முதுகில்

ரங்கூன், 1926

கண்ணியமிக்க உம்மாவுக்கு மகன் அப்துல் ரவூப் சலாம் கூறி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

பெருநாளுக்கு மறுநாள் கடைக்கு விடுமுறை. கடையாட்கள் எல்லோரும் ரயிலேறி இறங்கி, குன்றுகளுக்கு நடுவே இருக்கும் லோகா ஏரிக்கு நடந்து போனோம். திரும்பும்போது சரிவில் வழுக்கி என் கணுக்கால் பிசகிவிட்டது. பயப்படாதீர்கள், வீக்கம் வடிந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் அமீர் அலிதான் ஸ்டேஷன் வரை என்னை முதுகில் சுமந்தான்.

"ஒங்க உம்மா ஒனக்கு நல்லாத்தான் சோறு போட்டிருக்காஹ!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டேன். சட்டை நனைந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது வலி இல்லை. ஆனாலும் யாராவது கப்பலேறினால், நீங்கள் காய்ச்சும் தைலம் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பதில் அந்த வாசம் இல்லை.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
ரவூப்