டிரம்முக்கு வந்த அஜீரணம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே என்று ஒரு வரி போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற நாளாய் உன் அப்பா டிவிக்கு எதிரே பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாரே, அவரைக் கிளப்ப நான் செய்த வேலைதான் கொல்லையில் நிற்கும் நீல டிரம். காய்த்தோலும் மிஞ்சிய சோறும் அதற்குள் புளித்து, அடுப்பெரிக்க வாயு தரும். மூடியில் துளை போட்டுக் குழாய் மாட்டி, வாயு சேர ஒரு லாரி டியூபையும் கோத்து, பால்காரரிடம் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றினோம். அதோடு விட்டிருக்கலாம். சீக்கிரம் எரியட்டுமே என்று, சின்ன வயதில் உனக்குத் திணித்த மாதிரி வாளி வாளியாகப் போட்டேன், டிரம்முக்கு அஜீரணம் வந்துவிட்டது. நாற்றம் மாடியேறி வீட்டுக்கார அம்மாவை இறக்கிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணு டிரம் போகணும், இல்ல நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் வீடு தேடி அலைவதா, டிரம்மைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். உடனே அப்பா எழுந்து, "உடம்பு சரியில்லாததைத் தெருவுலயா விடுவாங்க?" என்று என்மேல் பாய்ந்தார். தீனியை நிறுத்தினார், சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணமும் ஊற்றினார், குழாயெங்கும் சோப்பு நுரை தடவி, குமிழ் கிளம்பிய இடத்தைப் பஞ்சர் ஒட்டுவதுபோல அடைத்தார். நாற்றம் அடங்கி டியூபும் மெல்ல உப்பியது.

ஞாயிறு காலை வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வந்து நின்றார். அப்பா டியூபிலிருந்து வரும் குழாயை அடுப்பில் மாட்டித் தீக்குச்சியை உரசினாரடி. முதல் குச்சி புஸ்ஸென்று அணைந்தது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா யாரையும் பார்க்காமல் மறுபடி உரசினார், நீலமாகப் பற்றிக்கொண்டது! அதிலேயே டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவாவது மூக்கிலிருந்து முந்தானையை எடுக்க வேண்டுமே, எடுத்தார். "நாத்தமே இல்லியே, எங்க வீட்டுத் தோலும் வீணாத்தான் போகுது" என்றார். இப்போது அப்பா தினமும் வாளியோடு மாடியேறி, எலுமிச்சைத் தோலும் எலும்பும் ஏறக் கூடாது, மற்றதெல்லாம் ஏறலாம் என்று கறாராக நிற்கிறார். டிவியின் மேல் தூசி படிந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மனசும் வயிறும் நிறைந்து இரண்டு பேரும் நன்றாயிருங்கள். போன் செய்தால் அப்பாவிடம் சௌக்கியமா என்று கேட்காதே, "ம்" என்பதோடு முடித்துவிடுவார். டிரம் எப்படியிருக்கிறது என்று கேள், அவர் எப்படியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் டிரம்முக்கு அடுத்த இடத்திலிருக்கும்
உன் அம்மா