இறக்கத்தில் அணைத்த சாவி

மச்சான்,

இன்று காலை என் கடை வாசலில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பூண்டுலோயாக்காரர். பிளக் கேட்டார், கொடுத்தேன், போய்விட்டார். அவர் போன பிறகும் அந்த நீலப் புகை கடையை விட்டுப் போகவில்லை. பெற்றோலோடு கலந்த எண்ணெய் கருகும் வாசனை, உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாசனை. நீ கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. வாடிக்கையாளர் நிற்கும்போதே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில்தான் பிழைப்பைத் தொடங்கினோம். நீ வட்டவளையில் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து ஆட்டோ ஓட்டினாய். நான் ஒரு துணிப்பையில் பிளக்கும் பிஸ்டன் வளையமும் வைத்து விற்றேன். உங்கள் வண்டிகள் பழுதானால்தான் எனக்குச் சோறு. "என்ன மொதலாளி, என் வண்டிக்கு என்னைக்குக் காய்ச்சல் வரும்னு சாமி கும்புடுறியா?" என்பாய். கும்பிட்டேன்தான். இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன நஷ்டம்?

பை கடையாக வளர்ந்து சில வருடம் கழித்து அந்தப் பேச்சு கிளம்பியது. புகை கக்கும் வண்டிகளை நிறுத்தப் போகிறார்கள், எல்லாரும் பெட்டரி ஆட்டோவுக்கு மாற வேண்டும் என்று சட்டம் வரும் என்றார்கள். உண்மையா வதந்தியா யாருக்கும் தெரியாது. ஸ்டாண்ட் மட்டும் கொதித்தது. சட்டம் வரட்டும் என்று சொன்ன ஒரே ஆள் நான். காற்று சுத்தமாகும் என்று பெரிதாகப் பேசினேன். கொழும்பு வியாபாரி ஒருவர் அந்த வண்டிகளை இந்தப் பக்கத்தில் விற்கும் உரிமையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார் என்பதை மட்டும் பேசவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"காத்து சுத்தமாகட்டும், வேணாங்கல. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து ஒரு பொம்பளய பிரசவத்துக்கு ஏத்திட்டு வர்றேன். நடு ஏத்தத்துல சார்ஜ் தீந்துபோச்சு. சட்டம் போட்டவுங்க வந்து தள்ளுவாங்களா? இல்ல நீ வந்து தள்ளுவியா?"

அப்படி எத்தனை பெண்களை நீ ஆஸ்பத்திரி வாசலில் நேரத்துக்கு இறக்கியிருக்கிறாய் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் ஸ்டாண்டுக்கு நீ தலைவன். சாரதிகளின் அபிப்பிராயத்தை எழுதிக்கொள்ள ஒரு யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகத்தர் வந்தபோது, எல்லாரும் உன் வாயைத்தான் பார்த்தார்கள்.

"உங்கட வண்டியப் பறிக்க வரேல்ல. என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கத்தான் வந்தனான்," என்றார் அவர்.

"கேக்க வேணாம் ஐயா, ஏறிப் பாருங்க. இவன் கொழும்புல இருந்து ஒரு பெட்டரி வண்டிய எறக்கி வச்சிருக்கான். கீழ வட்டவளைக்கு எறங்கித் திரும்பி ஏறி வருவோம். ஏறுச்சுன்னா பேசலாம். ஏறலன்னா வேணாம்னு எழுதிக்கிட்டுப் போங்க."

இறக்கத்தில் சக்கரம் உருளும்போதே கொஞ்சம் மின்சாரம் பெட்டரிக்குத் திரும்ப ஏறும் என்று கொழும்பு மெக்கானிக் சொன்னதை உன்னிடம் இரண்டு முறை சொன்னேன். நீ "சரிடா, சரிடா" என்றாய். நானும் உத்தியோகத்தரும் பின்னால், பாரத்துக்குக் காலடியில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு. பின்னாலேயே ஸ்டாண்டில் பாதி வண்டிகள்!

இறங்கும்போது என்ன சுகம்! சத்தமே இல்லை. வழியில் றொசல்லையில் ஓடும் தண்ணீர்ச் சத்தம் வண்டிக்குள் கேட்டது. வட்டவளையில் திருப்பி ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு ஏறியது. ஹட்டன் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பு! "மொதலாளி, எறங்கித் தள்ளுங்க! காத்து நல்லா சுத்தமா இருக்கு!" உத்தியோகத்தர் எழுதுவதற்குக் கொப்பியைத் திறந்தார். போயிற்று என் வியாபாரம் என்று நினைத்தேன்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஐயா, எழுதாதீங்க. தப்பு வண்டி மேல இல்ல. எறங்குறப்போ நான் சாவிய அணைச்சுப்புட்டேன்."

மலையில் ஆட்டோ ஓட்டுகிற எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. ஊரைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, பெற்றோலை மிச்சம் பிடித்துச் சும்மா உருட்டி இறக்குவது. உன் கை தானாக அணைத்துவிட்டது; அதோடு பெட்டரிக்குத் திரும்ப ஏறும் மின்சாரமும் நின்றுவிட்டது. அந்த வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே, பின்னால் இருந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பாய். உன் ஆட்களே "என்னண்ணே நீங்க, நம்ம பக்கமா அவன் பக்கமா?" என்று உன்மேல் பாய்ந்தார்கள்.

"ஏத்தத்தோட பக்கம்டா," என்றாய்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். அதே மூட்டைகள், அதே உத்தியோகத்தர். சாவியைத் தொடாமலிருக்க உன் இடது கையால் வலது மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இறக்கினாய். திரும்பும்போது முன்பு நின்ற வளைவு வந்தது. வண்டி ஊர்ந்தது, ஊர்ந்தது, தாண்டிவிட்டது! பின்னால் வந்த ஆட்டோக்கள் அத்தனையும் ஹோர்ன் அடித்தன. போன வாரம் சிரித்த அதே பயல்கள்! உத்தியோகத்தர் என் தொடையில் ஓங்கி அடித்து "ஏறிட்டுது, ஏறிட்டுது!" என்று கத்தினார். ஸ்டாண்டில் வந்து நின்றபோது பெட்டரியில் ஒரு சொட்டுத்தான் மிச்சம். அதனாலென்ன, வந்துவிட்டோம்!

"அப்ப கட்டாயமாக்கலாம் எண்டு எழுதவோ?" என்றார் உத்தியோகத்தர்.

"அவசரப்படாதீங்க ஐயா. ஒருநாள் ஏறுனது எனக்குப் பத்தாது. மழைக்கும் ஏறணும், மாசக் கணக்குல ஏறணும். மொதல்ல வண்டி, பொறகு சட்டம்னு எழுதுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாய். "விக்கப்போறவன் நீதானே? எல்லார் முன்னுக்கும் சொல்லு, என்ன பேச்சுக்கு, எந்த நிபந்தனையில குடுப்ப?"

அரைமணி நேரம் வாதாடினோம். எனக்குக் கழுத்தை நெரிக்கிற பேச்சுத்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

சட்டம் வரவில்லை. கொழும்பு வியாபாரி வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆனால் பிறகு புகை குறைந்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளை நான் விற்கத் தொடங்கியபோது, நீ கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று அந்தப் பேச்சையே நினைவுபடுத்தினாய். முதல் வண்டியை நீயே எடுத்தாய். உன்னைப் பார்த்து ஸ்டாண்டே மாறியது, யாரும் கட்டாயப்படுத்தாமல்.

கட்டாயப்படுத்துவது சரியா என்று இன்றும் கேட்கிறார்கள். மாற வேண்டியதுதான், ஆனால் மாறுகிறவன் நடுரோட்டில் நிற்கக் கூடாது என்கிறேன். என்ன வண்டி விற்றாலும் அன்று நீ வாங்கிய அதே பேச்சில்தான் விற்கிறேன்: மூன்று மாதம் ஓட்டிப் பார், அதுவரை உன் பழைய வண்டி என் கொட்டகையில் விற்காமல் இருக்கும், ஒரு தடவை ஏற்றத்தில் நின்றாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் புதியதை எடுத்துக்கொண்டு பழையதைத் திருப்பிக் கொடுப்பேன்.