நீ எறிந்த கற்கள்

நண்பா,

இன்று பின்னேரம் ஐந்தாம் வகுப்பு அறையைத் திறந்ததும் ஈரக் களிமண் மணம் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் செய்து யன்னலோரம் காயவைத்த சின்னச் சின்ன மனிதர்கள். தரை துடைக்க வந்தவன், ஒரு கதிரையில் இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நீயும் நானும் சேர்ந்து துப்புரவு செய்த அறை இது. ஒரு வருடம் பிள்ளைகள் கிரேக்கக் கதைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஊரிலிருந்து மனைவியும் மகளும் வருவதற்குள் நோர்வேஜிய மொழியைப் படித்துவிட வேண்டும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நீ வாசித்துக்கொண்டிருந்த காலம். பிரோமித்தியஸ் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்யும் படத்தின் முன் நின்று என்னைக் கூப்பிட்டாய்.

“இஞ்சை வந்து பாரடா. இவன்ரை தம்பி கம்பளி, நகம், செட்டை எல்லாத்தையும் மிருகங்களுக்குக் குடுத்து முடிச்சிட்டானாம். மனிசன்ரை முறை வரேக்கை ஒண்டும் மிச்சமில்லை.”

“பிறகு?”

“பிறகென்ன, எங்களைப் போலக் குளிரிலை விறைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான். அதாலைதான் இவன் நெருப்பைக் களவெடுத்துக் குடுத்தவன்.”

அடுத்த படத்தில் வெள்ளம். கடவுளின் கோபத்தில் உலகமே மூழ்கி, ஒரு கிழவனும் கிழவியும் மட்டும் மிஞ்சுகிறார்கள். திரும்பிப் பாராமல் தோளுக்குப் பின்னால் கற்களை எறிகிறார்கள். அவன் எறிந்தவை ஆண்களாக எழும்புகின்றன, அவள் எறிந்தவை பெண்களாக. மனிதகுலம் மறுபடி அப்படித்தான் உண்டானதாம். மகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று சிரித்தாய்.

அந்த ஐப்பசியில் அவர்களுக்கு விசா வந்தது. அம்மருட்டில் நீ இருந்த மாடிவீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். “பனிக்குள்ளை ஏன் பிள்ளையைக் கூப்பிடுறாய்? சித்திரையிலை வரட்டும்.”

கொஞ்சம் யோசித்தாய். “ஓம், அதுவும் சரிதான்.”

மார்கழியில் முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறியது. அவர்கள் இருந்த வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது.

நீ ஊருக்குப் போய் இரண்டு மாதம் தேடிவிட்டுத் திரும்பினாய். “எங்கை புதைச்சதெண்டு ஆருக்கும் தெரியேல்லை.” அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த நாளே வேலைக்கு வந்து, ஒன்றும் நடவாதது போலத் தரையைத் துடைத்தாய்.

அவர்கள் வந்திறங்கியிருக்க வேண்டிய சித்திரையில், ஒரு சனிக்கிழமை, உன்னைத் தேடி வந்தேன். மாடிவீடுகளுக்குப் பின்னால், காட்டோரம் எனக்கு முதுகு காட்டி நின்றாய். தோளுக்கு மேலால் ஒரு கல் வந்து என் காலடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

“என்னடா செய்யிறாய்?”

நீ திரும்பவில்லை. “அந்தக் கதையிலை ரெண்டு பேர் இருந்தவையெல்லே. நான் தனிய எறிஞ்சால் ஆம்பிளையள்தான் வருவினம்” என்றாய். “எனக்கு ரெண்டும் பொம்பிளையள்.”

சொல்லிவிட்டு மறுபடி எறிந்தாய். கையிலிருந்தது முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாய். அழுக்குப் பனியில் கற்கள் கிடந்தன. “வா, குளிருது” என்றாய். நாங்கள் உள்ளே போனோம்.

இரண்டு வருடம் கழித்து உன் இருதயம் நின்றுபோனது. ஆஸ்பத்திரித் தாள்களில் ‘நெருங்கிய உறவு’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள். எழுதவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்திரையில் வரட்டும் என்று நான் சொன்னதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. மறந்துவிட்டாயா, என் முகத்துக்காக மறைத்தாயா? கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ‘ஓம், நீதான் சொன்னனீ’ என்று சொல்லிவிடுவாய் என்ற பயத்தில் வேறு கதை கதைத்தேன். இப்போது நீ அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் போதும் என்றிருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை.