தண்ணீரில் கூப்பிட்ட இடாப்பு

இன்று மதியம் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது காற்று நின்றுபோனது. மலைப்பக்கம் எங்கோ பெய்யத் தொடங்கிவிட்ட மழையின் மணம் ஜன்னல் வழியாக வந்தது. ஐப்பசியில் இந்த மணம் வந்தால் நீ வெண்கட்டியைக் கரும்பலகையோரம் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாய். நானும் போய்ப் பார்த்தேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் ஆசிரியைகளாக மாத்தளையிலிருந்து நாவுலைப் பக்கம் மாற்றலாகி வந்த வருடம் நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகும் பாதை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிருந்தது. பள்ளிக்கூடம் அக்கரையில். நாமும் இக்கரைப் பிள்ளைகளும் ஒரே மோட்டார் படகில் போய்வந்தோம். முதல் நாளே நீ படகுக்காரரிடம் கேட்டாய்.

"அங்கிள், லைஃப் ஜெக்கட் எங்க?"

அவர் சிங்களவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். சிரித்தார். "இத்தனை வருஷமா ஓட்டுறேன் டீச்சர். ஒண்ணும் ஆகல."

"ஆகாதப்பவே செஞ்சிரணும் அங்கிள். ஆன பொறகு செஞ்சு என்ன?"

அதோடு விடவில்லை நீ. சீகிரியாப் பக்கம் உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றும் ஓர் இடத்துக்குப் போய், அவர்கள் கழித்துப் போட்டிருந்த பழைய ஜெக்கட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாய். மிதக்காதவற்றை ஒதுக்கினாய். பிள்ளைகளுக்கு அவை பெரியவை. தண்ணீரில் விழுந்தால் கழுத்துக்கு மேலே கழன்றுவிடும் என்று, கால்களுக்கு நடுவே கட்டும் வார் ஒன்றை ஒவ்வொன்றிலும் தைத்தாய். உன் உம்மாவின் தையல் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. படகைச் சுற்றிப் பிடிகயிறு கட்டச் செய்தாய். படகு அக்கரையிலிருந்து புறப்பட்டதும் பள்ளிக்கூட அதிபர் இக்கரைத் தேநீர்க் கடைக்குப் போன் பண்ண வேண்டும் என்றாய். பிள்ளைகளைக் கரையோரத்தில் இறக்கி, ஜெக்கட்டோடு மல்லாந்து மிதக்கப் பழக்கினாய். "படிக்க அனுப்பினா தண்ணியில ஊறப் போடுறாங்க" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். நீ அவளுக்கும் ஒரு ஜெக்கட்டைக் கொடுத்தாய்.

சேலைக்கு மேலே அந்த ஆரஞ்சு நிறச் சுமையை மாட்டிக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்யும் உன்னைப் பார்த்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன். "சிரி, சிரி. வாரைக் கட்டிட்டுச் சிரி" என்பாய்.

அந்த வருட ஐப்பசியில் ஒரு நாள் வானம் வெளுத்துத்தான் இருந்தது. வழக்கம்போல் மழைக்கு முன்னே இக்கரைக்குப் போய்விட நேரத்தோடு புறப்பட்டோம். நடுவில் எஞ்சின் நின்றது. படகுக்காரர் அதன் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து காற்று இறங்கியது. அலை பக்கவாட்டில் அடித்தது. இரண்டாவது அலையில் படகு நிறைந்து கவிழ்ந்தது.

நான் மேலே வந்தபோது என் காதில் விழுந்தது உன் குரல்தான். நீ கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற அதே குரல். "யாரும் கரைக்கு நீந்தப் போகக் கூடாது. படகுக் கயித்தப் புடிங்க." பிறகு, காலையில் வரவு பார்ப்பதுபோல், இடாப்புக் கூப்பிடத் தொடங்கினாய்.

"கவிதா."

"பிரசன்ட் டீச்சர்."

"முஜீப்."

"பிரசன்ட்."

"தர்ஷன்."

பதில் இல்லை. நீ குரலை உயர்த்தாமல் இன்னொரு முறை கூப்பிட்டாய். படகின் மறுபக்கமிருந்து இருமலோடு வந்தது: "இருக்கேன் டீச்சர்."

கடைசிப் பெயர்வரை கூப்பிட்டாய். பிறகு என்னை. பிறகு படகுக்காரரை, அவரும் "பிரசன்ட்" என்றபோது ஒரு பிள்ளை சிரித்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாய். மழை கொட்டியது, கரை தெரியவில்லை, பிள்ளைகள் அழ மறந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். படகு வந்து சேரவில்லை என்று தேநீர்க் கடைக்காரர் அனுப்பிய மீன்பிடிக்காரர்கள் அந்தப் பதில்களைக் கேட்டுத்தான் நம்மைக் கண்டுபிடித்தார்கள்.

எல்லோரும் கரையேறிய பிறகுதான் நீ உட்கார்ந்தாய். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். "நாளைக்குக் கணக்கு டெஸ்ட் இருக்கு. இதச் சாக்குச் சொல்லாதீங்க" என்றாய் பிள்ளைகளிடம். அடுத்த வாரம் படகு திருத்தி வந்தபோது, படகுக்காரர் ஜெக்கட்டின் வாரைக் கட்டிக்கொண்டு நமக்காகக் காத்திருந்தார்.

நோய் உன்னைக் கொண்டுபோன அன்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஆட்களாக உன் வீட்டு வாசலில் நின்றார்கள். தர்ஷன் ஜனாஸாவோடு, உன்னை அடக்கம் செய்த மையவாடிவரை நடந்தான். அவர்களைப் பார்க்கப் பார்க்க, உன்னோடு ஒரே படகில் போனவள் நான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அழுதபடியே பெருமைப்பட்டேன்.

போன வருட மழையில் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தது. சாயங்கால நேரம். ஆளுக்கொரு பக்கம் ஓடி, யார் வெளியே வந்தார்கள், யார் உள்ளே என்று தெரியாமல் ஒரே கூச்சல். என் வாய் தானாகத் திறந்தது. ரோட்டில் நின்று வரிசையின் முதல் காம்பரா வீட்டிலிருந்து தொடங்கினேன், கத்தாமல்.

"சரசக்கா."

"இருக்கேன் புள்ள."

"மாரிமுத்து அண்ணன்."

"இங்கதான்மா."

கூச்சல் அடங்கியது. ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். கடைசிக் காம்பராவரை எல்லோரும் இருந்தார்கள். பிறகு நான் முதலிலிருந்து மறுபடி கூப்பிட்டேன்.