பதுளைக்குள் ஒரு குவைத்

ஜூன் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இரண்டாவது கதிர்ச் சிகிச்சை முடிந்தது. இன்னும் இருபத்து மூன்று.

நான் இப்போது குவைத்தில் இருக்கிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் அப்படித்தான் பேச்சு. உண்மையில் பதுளையில், நளீரா என்கிற விதவை வாடகைக்கு விட்ட மேல்மாடி அறையில், இடது மார்பு இருந்த இடத்தில் ஊதா மைக்கோடுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். கோடு அழியக்கூடாது, சோப்புப் போடக்கூடாது என்று மெஷின் அறை மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். என் புருஷன் முருகையாவின் பொய்யையும் அதே பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

மகள் துஷாந்தினிக்குக் கொஸ்லந்தையில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. ஆவணியில் பரிசம். தாய்க்குக் கேன்சர் என்றால் மகளுக்கும் வரும் என்று பின்வாங்கிவிடுவார்களாம். அதனால் மனுஷன் என்னை வீட்டு வேலைக்கு விமானம் ஏற்றிவிட்டார். பிள்ளை மடுவத்தில் இருபத்து மூன்று வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தவள், நாற்பத்தேழு வயதில் அரபி வீட்டில் பாத்திரம் கழுவப் போனாளாம். ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஜூன் 7, வெள்ளி

திரும்பி வருவதற்கும் கதை தயார். போனில் முருகையா சொன்னார்: "மெடிக்கல்ல ஃபெயிலாயிட்ட, திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

அவர் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் உண்மைக்குக் கிட்ட வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

கதிர் வரிசையில் யாரும் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. "உங்களுக்கு எங்க?" என்றுதான் கேட்கிறார்கள். தொண்டை, கர்ப்பப்பை, மார்பு என்று பதில் வருகிறது. பிறகு பிஸ்கட்டை நீட்டுகிறார்கள்.

பின்னேரம் துஷாந்தினியின் போனில் பெரியாயி பேசினாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. அவளுடைய மகள் சிவசக்தி உண்மையாகவே குவைத்துக்குப் போனவள். போய் இரண்டு வருஷம். ஐந்து மாதமாக ஒரு கோல் இல்லை. நான் அவளைக் கண்டேனா என்று கேட்டாள். குவைத் பெரிய இடம் அக்கா என்று இழுத்தேன். அந்த நேரம் பார்த்து நளீரா வீட்டுக்குப் பின்னால் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"அவ பேசுறப்பவும் இப்பிடித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

என் புருஷன் ஏற்பாடு செய்யாத சாட்சியெல்லாம் தானாக வந்து சேருகிறது.

ஜூன் 12, புதன்

களைப்பு. தோல் கறுக்கத் தொடங்கிவிட்டது. நான் மடுவத்தில் சேர்ந்த முதல் வருஷம் தொட்டில் ஆட்டிய பிள்ளைகளில் சிவசக்தியும் ஒருத்தி. ஏன் இன்றைக்கு இது ஞாபகம் வர வேண்டும்?

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். மெஷினுக்கும் லீவு. நளீரா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். பெருநாளும் அதுவுமாக உங்களைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லையா என்றாள். குவைத்துக்கு யார் வருவார்கள் என்று முழுக் கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அந்தப் பெரியாயி பாவமில்லையா என்று கேட்டாள். வட்டிலப்பத்தை மூடி வைத்தேன்.

இரவு போனில் முருகையா பெருமையாகச் சொன்னார். பெரியாயி ஓயாமல் கேட்டாளாம், "எம் பொஞ்சாதி ஒங்க மகளப் பாத்தா, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டாராம். பதுளை வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோரில் முறைப்பாடு கொடுக்க இருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாளாம். நிம்மதியாகத் தூங்குகிறாளாம்.

அட மனுஷா. அந்தப் புள்ள உசுரோட இருக்காளான்னே தெரியல. நீ தாய்க்காரிக்குத் தாலாட்டு பாடியிருக்க.

ஜூன் 20, வியாழன்

நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு. மூன்று நாள் கதிர் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். கல்யாணம் நின்றால் யார் பொறுப்பு என்று முருகையா கேட்டார். நான்தான் — வேறு யார்? துஷாந்தினி என்னை மன்னிப்பாளா? பயமாக இருக்கிறது.

ஜூன் 22, சனி

நேற்றுப் போனேன். லயமே என் பையைத்தான் பார்த்தது. குவைத்திலிருந்து வருகிறவள் கையில் ஒரு சோப்புக் கட்டியாவது இருக்க வேண்டாமா? கிளினிக் கொப்பியும் களிம்பும்தான் இருந்தன.

பெரியாயி ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள என்ன சொல்லுச்சு?"

ரவிக்கைக் கழுத்தை இழுத்து ஊதாக் கோட்டைக் காட்டினேன்.

"நான் பதுளையிலதான் இருந்தேன் அக்கா. கேன்சர். சிவசக்திய நான் பாக்கல. இவரு சொன்னது பொய்."

கோட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முருகையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். துஷாந்தினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 27, வியாழன்

செய்தி கொஸ்லந்தைக்குப் பஸ்ஸுக்கு முந்திப் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். மரியாதையான ஆட்கள், வேண்டாம் என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துஷாந்தினி என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 3, புதன்

முருகையா முதல் தடவையாக வந்தார், சோற்றுப் பார்சலோடு. வரிசையில் இருந்த கிழவர் பிஸ்கட்டை நீட்டி, "உங்களுக்கு எங்க?" என்றார். எனக்கில்லை, வீட்டுக்காரிக்கு என்றார் இவர். எங்கே என்று மறுபடியும் கேட்டார் கிழவர். விடுவாரா? "மார்புல" என்று ஒருவழியாகச் சொன்னார். காது சிவந்துவிட்டது. இரண்டு பிஸ்கட் எடுத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

இருபத்தைந்தும் முடிந்தது.

வெளியே வந்தால் வாங்கில் உட்கார்ந்தபடி பெரியாயி. பக்கத்தில் துஷாந்தினி. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். பெரியாயி என் சுகத்தை விசாரிக்கவில்லை. சிலிசிலி பொலித்தீன் பையிலிருந்து சிவசக்தியின் போட்டோவையும் பாஸ்போர்ட் கொப்பியையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"கந்தோருக்குக் குடுக்கணும். எழுதிக் குடு."

இந்த டயரிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மடியில் வைத்தே எழுதினேன். பெயர், வயது, போன தேதி. கடைசியாக எப்போது தகவல் கிடைத்தது என்று கேட்டேன். தைப்பொங்கலுக்குப் பேசியது என்றாள்.

"நடுவுல ஒரு தடவ, நல்லா இருக்கான்னு ஒம் புருஷன் சொல்லிக் கேட்டேன். அத எழுதாத."

எழுதவில்லை. சாட்சி என்று என் பெயரைப் போட்டு, ஒப்பம் வைத்தேன். துஷாந்தினி என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கந்தோர் வரைக்கும் ஏற்றம். நான் மெதுவாகத்தான் நடந்தேன். பெரியாயியும் மெதுவாக நடந்தாள்.